ஸ்பீக்கர் வலையும் தூய குரல் பேரவையும்

ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் ஒருவன் அடுத்தவனைச் சந்தேகப்பட வேண்டுமென்றால் அவன் கணக்கு வழக்கையோ பெண்டாட்டியையோ பார்க்க மாட்டான். வீட்டு ஸ்பீக்கரை எட்டிப் பார்ப்பான். அதன் முகத்தில் கறுப்புத் துணி இழுத்துக் கட்டிய வலைச் சட்டம் மாட்டியிருந்தால் ஆள் சரியில்லை. கழற்றியிருந்தால், யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து இப்போதுதான் அவசரமாகக் கழற்றியிருப்பான். அப்போதும் ஆள் சரியில்லை.

இந்த நோய் பறவைப் போட்டியிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் கூண்டுகளை வரிசையாகக் கொக்கியில் மாட்டிச் சோலைபாடிகளைப் பாட விடுவார்கள். நடுவர்கள் ஒவ்வொரு கூண்டாக நின்று கேட்டு, பிடித்த கூண்டின் கீழே கொடி நடுவார்கள். சோலைபாடி சொந்தச் சரக்கை மட்டும் நம்பிப் பிழைக்கிற பறவை இல்லை. எதைக் கேட்டாலும் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாடும். அதனால் வீட்டில் கூண்டைத் துணியால் மூடி, பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து, சிட்டுச் சண்டை, கொண்டைக்குருவிச் சீட்டி, சிள்வண்டு ரீங்காரம் என்று பதிவுகளைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அது உள்ளே உட்கார்ந்து பாடம் கேட்கும். இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அப்புறம்தான் தூய குரல் பேரவை பிறந்தது.

பேரவைத் தலைவர் பாக் ஹண்டோகோவுக்கு ('பாக்' என்றால் அந்த ஊரில் ஐயா; பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவதும் அப்படித்தான்) எழுபது வயதிருக்கும். இஸ்திரி கலையாத பாத்திக் சட்டை, மடியில் மைக். ஆமாம், மடியில்தான். சாப்பிடும்போதுகூட மைக்கைக் கீழே வைக்க மாட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

"ஸ்பீக்கர் முகத்துல இருக்கிற வலைத்துணி, மேல்ஸ்தாயிய, அதான் கீச்சுன்னு வர்ற ஒலிய, மழுக்குது!" என்று ஒவ்வொரு போட்டியையும் தொடங்கிவைப்பார். "சட்டத்தோட விளிம்புல ஒலி மோதிச் செதறுது! அந்தச் செதறின ஒலியக் கேட்டு வளர்ற பறவைக்கு எப்படிய்யா ஒழுக்கம் வரும்? பேரவைல இருக்கிற எந்த வீட்லயும் வலை இருக்கக் கூடாது. எல்லாத்தையும் தொறந்து வைங்க. எங்களுக்கு ஒளிவுமறைவே கிடையாது. அதனாலதான் எங்க கூட்டத்துக்கு வெளி ஆளுங்கள விடறதில்ல."

பஜாரில் ஸ்பீக்கர் விற்கிற ஒருவர் மட்டும் ஒருமுறை எழுந்து, "தலைவரே, நெறைய ஸ்பீக்கர வலையோட வெச்சுக் கேட்டுத்தான் கம்பெனிலயே சரி பண்றாங்க. எடுத்தா கொஞ்சம் துலக்கமா கேக்கும், அவ்வளவுதான். சாம்பார்ல ஒரு கல் உப்பு கூடக்கொறைய" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவரை மைதானத்துப் பக்கம் பார்க்க முடியவில்லை.

இன்னொருவர், "கூண்டையே துணி போட்டு மூடறோமே தலைவரே, அதுவும் துணிதானே?" என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டார்.

"கூண்டுத் துணி மரபு. ஸ்பீக்கர் துணி மாசு" என்றார் பாக் ஹண்டோகோ. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கேட்டவர் பெயர் முஜியோ. நீதிமன்றத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். யார் எது சொன்னாலும் முதலில் நம்பிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குழம்புகிற ஜாதி. அவரிடம் ஒரு சோலைபாடி இருந்தது. மற்றவர்கள் பறவைக்கு இடியரசன், எரிமலை, சுல்தான் என்றெல்லாம் பெயர் வைத்திருக்க, முஜியோவின் பறவைக்குப் பெயர் லெம்பர். வாழையிலையில் சுருட்டி விற்கிற ஒட்டரிசிப் பலகாரம். குஞ்சாக வந்தபோது அப்படித்தான் சுருண்டு கிடந்ததென்று அவர் மனைவி வார்சினி வைத்த பெயர். பிள்ளை இல்லாத வீடு. காலையில் அது பாடாவிட்டால் இரண்டு பேருக்கும் காபி இறங்காது.

அந்த வீட்டு ஸ்பீக்கரில் வலை இருந்தது. முன்பு ஒருநாள் கழற்றி வைத்தபோது மஞ்சள் பூனை வந்து கூம்புத்தாளில் நகம் தீட்டிவிட்டுப் போய்விட்டது. "பேரவையாவது கீரவையாவது! வலைய எடுத்தா நான் பூனைக்குப் பதில் சொல்லணும். தலைவர் வந்து தாள் ஒட்டித் தருவாரா?" என்று வார்சினி மறுபடி மாட்டிவிட்டாள். மாட்டிய வேகத்தில், சட்டத்தைப் பெட்டியோடு பிடித்து நிறுத்தும் முளைகளில் ஒன்று உடைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

லெம்பர் முதல்முதலாகப் போட்டிக்கு வந்த ஞாயிறு, தலைமை நடுவர் பாக் பிரோதோ அதன் கூண்டின் கீழே நின்றுவிட்டார். சிட்டுச் சண்டை முடிந்தது, கொண்டைக்குருவி முடிந்தது. கடைசியில் ஒரு "ஜிர்ர்ர்ர்". உடனே "டப், டப்". பிறகு மறுபடி முதலிலிருந்து சுத்தமான பாட்டு.

பாக் பிரோதோ கண்ணை மூடினார். "இது சுமத்ரா மலைக்காட்டுச் சிள்வண்டு. மழைக்கு முந்தின சாயங்காலம் மட்டும் கத்தும். அந்த டப் டப் இருக்கே, அது இலைல விழற மொதல் ரெண்டு மழைத்துளி. என் வாழ்நாள்ல இப்படி ஒரு குரலக் கேட்டதில்ல" என்றார். கொடி நட்டார். பாக் ஹண்டோகோவும் மைக்கில், "நானும் கேட்டேன்! வலை காணாத வீட்ல வளர்ந்த குரல்!" என்று முழங்கினார்.

முஜியோ பரிசுக் கோப்பையோடு வீட்டுக்கு வந்தார். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சிள்வண்டை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மனசு அரித்தது. சுமத்ராவுக்கு அவர் போனதே இல்லை. ஸ்பீக்கரைப் போட்டார். பதிவில் மரங்கொத்தி மரத்தில் கனமாக ஒரு கொட்டுக் கொட்டியபோது வலைச் சட்டம் "ஜிர்ர்ர்ர்" என்று அதிர்ந்தது. அவர் கை தானாகப் போய், பல மாதமாகச் செய்வது போல, ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டியது. டப், டப். நின்றுவிட்டது.

"வார்சினி!" என்று கத்தினார். "நம்ம சிள்வண்டு இங்கதான் இருக்கு!"

அவள் வந்து பார்த்தாள். விரலால் வலையை அழுத்தினாள், சத்தம் இல்லை. விட்டாள், ஜிர்ர். "ஓ, இதுக்கா கோப்பை குடுத்தானுங்க?" என்றாள். "சரி சரி, வாயத் தொறக்காத பாக். ஒனக்கு எதையும் வயித்துல வெச்சுக்கத் தெரியாது."

ஆனால் பேரவையில் ஒரு விதி உண்டு. தோற்றவன் வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். ஜெயித்தவன் மேல்தான் சந்தேகம். ஜெயித்த வாரமே ஸ்பீக்கர் ஆய்வுக் குழு வரும். குற்றம் கண்டால் பறவையைத் தலைவர் வீட்டுப் பின்கட்டிலிருக்கும் 'குரல் சுத்தி இல்லத்துக்கு'க் கொண்டுபோவார்கள். சுத்தமாகும்வரை அங்கேதான். அங்கே போன பறவை திரும்பி வரும். அதுதான் வந்ததா என்பது வேறு விஷயம்.

முஜியோவின் சிநேகிதர் துகிமானின் பறவை போன வருஷம் சுத்திக்குப் போனது. கருகருவென்று நீளவாலோடு போனது, சாம்பல் நிறத்தில் குட்டைவாலோடு வந்தது. "எறகு உதிர்ந்து மொளைக்குது, நெறம் தானா வரும்" என்றார்கள். ஒரு வாரத்தில் அது முட்டை போட்டது. துகிமான் முட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு பேரவைக்கு ஓடினார். "எம் பறவை ஆம்பளங்க!" என்று அழுதார். குழு கூடி ஆலோசித்து, "சுத்தியின்போது ஏற்படும் மனக்கிளர்ச்சியால் சில ஆண் பறவைகள் இவ்வாறு நடந்துகொள்வதுண்டு" என்று தீர்ப்புச் சொன்னது. முட்டையையும் ஆய்வுக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் தெரிந்த முஜியோவுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றால் எழுந்து உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரர் சிரித்தால், ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றம் இல்லாத நெஞ்சும் பேரவையை நினைத்தால் அப்படித்தான் குறுகுறுக்கும்.

குழு வந்தது. முன்னால் பாக் ஹண்டோகோ, பின்னால் பாக் பிரோதோ, அவர்களுக்குப் பின்னால் எதையும் செய்யாமல் தலையாட்டுவதற்கென்றே ஐந்தாறு பேர். ஸ்பீக்கரில் வலையைப் பார்த்ததும் எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"பூனை இருக்குங்க" என்றார் முஜியோ.

"எல்லாக் குத்தவாளியும் ஒரு பூனை வெச்சிருக்கான்" என்றார் தலைவர். "பரவால்ல. இவங்க அறியாமைல செஞ்சிருக்காங்க. வித்தியாசத்தக் காட்டிப் புரிய வைப்போம். எல்லாரும் கண்ண மூடுங்க. பதிவப் போடுங்க."

பதிவு ஓடியது. லெம்பரின் கூண்டு, மரபுத் துணி போர்த்தி, ஸ்பீக்கருக்கு நேர் மேலே தொங்கியது. எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். தலைவர் தாமே எழுந்து வலையைக் கழற்றுவதும், "இப்போ?" என்பதும், மாட்டுவதும், "இப்போ?" என்பதுமாக இருந்தார்.

"வலையோட கேக்கறப்ப கம்பளி போத்தின மாதிரி இருக்கு" என்றார் ஒருவர்.

"எடுத்தா பனித்துளி" என்றார் இன்னொருவர்.

"எனக்கு வலைக்கு உள்ள இருக்கிற தூசிகூடக் கேக்குது" என்றார் மூன்றாவது ஆள். அவரைத் தலைவர் மெச்சிப் பார்த்தார்.

சமையலறையில் விசிலடிக்கும் கெட்டில் காது கிழியக் கூவியது. எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள், பாக் ஹண்டோகோவைத் தவிர. அவர் வலையைப் பிடித்துக்கொண்டு, "இந்த அமைதியக் கவனிங்க" என்றார். வார்சினி கதவோரம் நின்று அவரையே பார்த்தாள். உள்ளே போய் மல்லிகைத் தேநீர் எடுத்து வந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள். "கரண்ட் போய் ரொம்ப நேரமாச்சே. ஃபேனும் சுத்தல. நீங்கல்லாம் எதக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

ஸ்பீக்கரில் விளக்கு எரியவில்லை. கூண்டுத் துணிக்குள்ளிருந்து லெம்பர் சிட்டுச் சண்டையை முடித்து, கொண்டைக்குருவியைத் தொடங்கியது.

மூன்றாவது ஆள் தேநீரை ஊதினார். கடைசியில் தலைவர், "தூய குரல் பேரவை கரண்ட நம்பி நடக்கிற அமைப்பு இல்லம்மா" என்றார்.

அதோடு எழுந்து போயிருப்பார்கள். மானம் போன வீட்டில் யார் உட்காருவார்? அந்த நேரம் பார்த்து லெம்பர், ஜிர்ர்ர்ர், டப், டப் என்றது.

"ஆகா, மலைக்காட்டுச் சிள்வண்டு!" என்றார் பாக் பிரோதோ, பேச்சு மாறிய நிம்மதியில்.

"அது சிள்வண்டு இல்லீங்க" என்றார் முஜியோ. வார்சினி கண்ணால் அடக்கினாள், அவர் பார்க்கவில்லை. நல்லவனின் வாய் அப்படி. "வலைல ஒரு மொளை ஒடஞ்சிருக்கு, அதான் அதிருது. டப் டப்ன்றது நான் தட்டறதுங்க." தட்டியும் காட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பாக் பிரோதோவின் முகம் கறுத்தது. கொடி நட்டவர் அவர் அல்லவா? தலைவர் கையை உயர்த்தினார். "குத்தம் நிரூபணமாயிடுச்சு. ஒருத்தன் வீட்டு வலை, பறவை தொண்டைக்குள்ளயே போயிருக்கு! இனிமே எந்தப் பறவை ஜிர்ருன்னாலும் அதோட சொந்தக்காரனுக்கு ஆயுசுக்கும் தடை. அவன் வீட்டு ஸ்பீக்கரெல்லாம் பறிமுதல். இந்தப் பறவை சுத்திக்குப் போகட்டும்."

லெம்பரைத் துணியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். முஜியோ தெருமுனை வரை கூடவே ஓடினார். "அதுக்கு வெட்டுக்கிளி கால ஒடிச்சுக் குடுக்கணும்! எறும்பு முட்டை காலைல மட்டும்!" என்று கத்தினார். யாரும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. வார்சினி ஸ்பீக்கரைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். "ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல பாக், ஒன் வாயக் குடுத்தாரே ஆண்டவன், அவரத்தான் கேக்கணும்" என்றாள். திட்டி முடித்துவிட்டு அழுதாள். முஜியோ தினமும் தலைவர் வீட்டுப் பின்சுவர் பக்கம் போய் நின்றார். "சுத்தி நடக்குது, சொந்தக்காரங்க மூச்சு படக் கூடாது" என்று காவல்காரன் விரட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் நிறையப் பறவைகள் கத்தின. எது லெம்பர் என்று அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை. எல்லாமே லெம்பர் மாதிரி கேட்டது. ஏக்கத்தில் காது ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பேரவையின் ஆண்டுப் பெருவிழா வந்தது. "போ பாக், கூண்டு இல்லன்னா என்ன? கண்ணும் காதும் இருக்கில்ல?" என்று வார்சினி அவரை இழுத்துக்கொண்டு போனாள். துகிமானும் சேர்ந்துகொண்டார். கொக்கிகளில் முன்வரிசை முழுக்கத் தலைவரின் பறவைகள். ஒவ்வொன்றும் கருகருவென்று, நீளவாலோடு. எரிமலை என்று எழுதிய கூண்டைப் பார்த்ததும் முஜியோ அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் கழுத்துச் சாய்ப்பு, உட்கார்ந்த இடத்தில் சுருண்டுகொள்கிற அந்த வாகு.

"நம்ம லெம்பர் மாதிரி இல்ல?" என்றார்.

"மாதிரியாவது! அதேதான்!" என்றாள் வார்சினி. "அவசரப்படாத. இந்தத் தடவ நீ வாயத் தொறக்காத, அது தொறக்கட்டும்."

பாக் ஹண்டோகோ மைக்கை எடுத்தார். "பேரவை மக்களே! இந்த முன்வரிசைல இருக்கிறது பூராவும் என் பறவைங்க. முட்டையிலேர்ந்து என் வீட்லயே பொறந்து வளர்ந்தது. எங்க வீட்டு ஸ்பீக்கர் மொகத்துல ஒரு நூல் கெடையாது. வலை காணாத குரல்னா என்னன்னு இப்பக் கேளுங்க!"

எரிமலை பாடியது. சிட்டுச் சண்டை, கொண்டைக்குருவி, அப்புறம் ஜிர்ர்ர்ர், டப், டப்.

பக்கத்துக் கூண்டிலிருந்த இடியரசன் கேட்டான், சும்மா இருப்பானா? ஜிர்ர்ர்ர், டப், டப். அதற்குப் பக்கத்தில் சுல்தான். அப்புறம் வரிசை முழுக்க. பின்கட்டில் சுத்திக்குப் போன லெம்பர் சும்மா இருக்கவில்லை, பள்ளிக்கூடமே நடத்தியிருக்கிறது. மைதானம் பூராவும் உடைந்த முளைகள் அதிர்ந்தன, கண்ணுக்குத் தெரியாத கைகள் பெட்டியைத் தட்டின.

பாக் ஹண்டோகோ மட்டும் முகம் மலர நின்றார். "கேக்குதா? எவ்ளோ சுத்தம்! எவ்ளோ துலக்கம்! மேல்ஸ்தாயி எப்படிக் கொட்டுது பாருங்க!"

"கெட்டில்" என்றாள் வார்சினி மெதுவாக. "அன்னைக்கே சந்தேகப்பட்டேன். அந்தாளுக்கு மேல்ஸ்தாயி கேக்கறதே இல்ல."

பாக் பிரோதோ ஓடிப்போய்த் தலைவர் காதில் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. மறுபடி சொன்னார். அப்புறம் மைக்கிலேயே சொல்லிவிட்டார்: "தலைவரே, எல்லாம் ஜிர்ருங்குது! ஆயுசுத் தடை! சொந்தக்காரன் வீட்டு ஸ்பீக்கர் பறிமுதல்! நீங்கதான் விதி போட்டீங்க!"

தலைவரின் முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே காய்ந்தது. "எது?" என்றார். "எது ஜிர்ருங்குது?"

"மொதல்ல எரிமலை."

"அது என் பறவை இல்ல" என்றார் பாக் ஹண்டோகோ சட்டென்று. "சுத்திக்கு வந்தது. கூண்டு மாறிப்போச்சு."

முஜியோ கையை உயர்த்தினார். "என்னோடதுங்க. லெம்பர்."

"எடுத்துக்கிட்டுப் போ! ஒனக்கு ஆயுசுக்கும் தடை!"

"ரொம்ப நன்றிங்க" என்றார் முஜியோ. மனசாரச் சொன்னார். கூண்டைக் கொக்கியிலிருந்து இறக்கினார்.

"அடுத்தது இடியரசன்" என்றார் பாக் பிரோதோ.

"அதுவும் என்னோடது இல்ல."

"என்னோடது!" என்று துகிமான் பாய்ந்தார். "முட்டை போடாதது! போன வருஷம் போனது!"

அப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். ஒவ்வொரு கூண்டின் கீழும் நின்று தலைவர், "இதுவும் இல்ல, இதுவும் இல்ல" என்றார். ஒவ்வொரு முறையும் கூட்டத்திலிருந்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கூண்டை எடுத்துப் போனார். இறைச்சியுருண்டை சூப் விற்கிறவர்கூட ஒன்றை எடுத்துப் போனார். அவர் பறவை வளர்த்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடைசியில் சுல்தான் மட்டும் தொங்கியது. அது நிஜமாகவே தலைவர் வீட்டில் முட்டையிலிருந்து வளர்ந்த பறவை. அவரைப் பார்த்து வாலை விரித்து, பாசத்தோடு ஒரு ஜிர்ர்ர்ர் போட்டது. டப், டப்.

"இது?" என்றார் பாக் பிரோதோ.

தலைவர் சுல்தானைப் பார்த்தார். மைக் கையில் இருந்தது. "என்னோடது இல்ல" என்றார். குரல் கொஞ்சம் உடைந்ததாக முஜியோவுக்குத் தோன்றியது. ஆனால் அவர் பேச்சை நம்பிப் பட்டது போதும் என்று கூண்டை அணைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து பழைய இடத்தில் கூண்டை மாட்டினார்கள். பறவை வாயைத் திறக்கவில்லை. முஜியோவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. எல்லாப் பறவையும் ஜிர்ருங்கிறதே, இது லெம்பர்தான் என்பதற்கு என்ன சாட்சி? துகிமானுக்கு வந்த மாதிரி முட்டை போட்டுவிட்டால்? சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

மஞ்சள் பூனை மெல்ல ஸ்பீக்கர் பக்கம் வந்தது. உடனே கூண்டுக்குள்ளிருந்து "ச்சு, ச்சு, ச்சு" என்று ஒரு அதட்டல். வார்சினி பூனையை விரட்டுகிற அதே நாக்குச் சொடுக்கு. பூனை அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"என் கண்ணே, நீதான்டா!" என்று வார்சினி கூண்டைக் கட்டிக்கொண்டாள். முஜியோ மூக்கைச் சிந்தினார்.

அதற்குப் பிறகு லெம்பருக்கு வாய் ஓயவில்லை. சிட்டு, கொண்டைக்குருவி, ஜிர்ர்ர்ர், டப், டப். அத்தோடு நிற்காமல் புதிதாக ஒன்று: "கொர்ர்ர்ர்ர்". கனமாக, அடித்தொண்டையில். பெரிய ஸ்பீக்கரில் பெரிய வலைச் சட்டம் தளர்ந்து அதிர்கிற சத்தம்.

இருவரும் கூண்டருகே காதை வைத்தார்கள்.

"இது நம்ம வீட்டு வலை இல்லையே. ஒரு நூல் கெடையாதுன்னாரே அந்தாளு!" என்றாள் வார்சினி.

"இல்ல" என்றார் முஜியோ. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, பழக்கதோஷத்தில் ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். லெம்பர் கொர்ரென்றுகொண்டே இருந்தது. அது அவர் தட்டுக்கு அடங்குகிற வலை இல்லை.